பள்ளி திறந்த இரண்டாவது வாரம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி திறக்கும் முதல் நாளுக்காக வீடே பத்து நாள் பரபரக்கிறது. புதுப் பை, நோட்டு, தண்ணீர் பாட்டில், வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ. அன்றைக்கு எல்லாம் நன்றாகவே போய்விடும். புதுசு என்ற ஆர்வத்திலேயே பிள்ளை அந்த நாளை ஓட்டிவிடும். சிக்கல் வருவது எட்டாம் நாளோ பத்தாம் நாளோ. அதற்குள் பெற்றோரும் களைத்துப் போயிருப்பார்கள். இங்கே உள்ள கேள்விகளில் பல அந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வருபவை. அதற்கு முன்னால் வரும் சிலவும் உண்டு, அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

லீவு முழுக்க ராத்திரி பதினொன்றுக்குத் தூங்கி, காலை ஒன்பதுக்கு எழுந்தாள். எப்போதிலிருந்து மாற்றலாம்?

பள்ளி திறக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே. ‘இன்றைக்கு ஒன்பது மணிக்குப் படு’ என்று திடீரென்று சொன்னால் படுப்பாள், தூங்க மாட்டாள். இருட்டில் விழித்துக்கொண்டு கிடப்பாள். அதனால் ராத்திரியை விட்டுவிட்டுக் காலையைப் பிடியுங்கள். எழுப்பும் நேரத்தை நாளுக்கு 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்தால் எட்டு நாளில் இரண்டு மணி நேரம் நகர்ந்துவிடும், ராத்திரித் தூக்கம் தானாக அதன் பின்னால் வரும். எழுந்ததும் ஜன்னலைத் திறங்கள், முடிந்தால் வெளியே கூட்டிப் போங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடல் கடிகாரம் முன்னால் நகரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் ஒரு வரையறை சொன்னது. 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10. உங்கள் பிள்ளைக்கு இதில் எவ்வளவு தேவை என்பதைக் காலையில் கவனித்தாலே தெரியும். ஒரு தடவை கூப்பிட்டதும் எழுந்தால் சரியாக இருக்கிறது. நாலு தடவை உலுக்க வேண்டியிருந்தால் போதவில்லை.

பள்ளி ஏற்கெனவே திறந்துவிட்டதா? பரவாயில்லை, காலையில் வெளிச்சம், ராத்திரி திரை இல்லை என்பது அப்போதும் உதவும். சனி, ஞாயிறில் மட்டும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விடாதீர்கள். விட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து.

பதினைந்து வயதுப் பையன். எவ்வளவு திட்டினாலும் சீக்கிரம் தூங்குவதில்லை. சோம்பேறித்தனம்தானே?

இல்லை. பருவ வயதில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ராத்திரியில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குத் தூங்கி விழுந்த அதே பிள்ளைக்கு இப்போது பதினொன்று ஆனால்தான் தூக்கம் வரும். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பெரிய பிள்ளைகளின் வகுப்புகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-ல் பரிந்துரைத்தது. உங்கள் பள்ளி ஏழரைக்கே மணி அடித்தால் அதை நீங்கள் மாற்ற முடியாதுதான். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொல்லலாம், சாயங்காலத் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்தலாம். ‘சோம்பேறி’ என்ற பட்டத்தை இன்றே எடுத்துவிடலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

லீவில் படித்ததெல்லாம் மறந்துவிட்டான். கடைசி வாரத்தில் உட்கார வைத்துத் திருப்பலாமா?

கொஞ்சம் மறப்பது உண்மைதான். ஹாரிஸ் கூப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1996-ல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு இருப்பதாகச் சொன்னார்கள். வாசிப்பைவிடக் கணக்கு அதிகம் மறந்தது, எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பின்னடைவு மிகக் குறைவு. ஆகவே பீதி வேண்டாம். தொடக்க வாரங்களில் ஆசிரியர்களே பழைய பாடத்தைத் தொட்டுவிட்டுத்தான் புதிதுக்குப் போவார்கள்.

கடைசி வாரம் மணிக்கணக்கில் உட்கார வைத்தால், பள்ளி திறக்கும் முன்பே பிள்ளைக்குப் படிப்பு அலுத்துவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அதுவும் புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொல்வதைவிட, மூடி வைத்துவிட்டு ‘நினைவிருப்பதைச் சொல்லு’ என்று கேட்பது மேல். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாய்ப்பாடு, வார்த்தை, வாய்விட்டு ஒரு பக்கம் வாசிப்பு, அவ்வளவுதான். செந்தமிழும் நாப்பழக்கம் என்று சொன்னது ஒருநாள் பழக்கத்தை நினைத்து அல்ல.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

பிள்ளையின் எடையில் 10 முதல் 15 சதவீதம். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோவிலிருந்து மூன்றே முக்கால் கிலோ வரை. எடை பார்க்கும் இயந்திரத்தில் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏற்றிக் கழித்தால் தெரிந்துவிடும். கனமான புத்தகம் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும், பை இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடக் கூடாது. வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்துப் பாருங்கள். பாதிக் கனம் போன மாதத்து நோட்டும் கூழாங்கல்லும்தான்.

வாசலில் விட்டதும் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். தெரியாமல் நழுவி வந்துவிடலாமா?

வேண்டாம். அன்றைக்கு வேலை முடிந்துவிடும், மறுநாள் உங்கள் கையை விடவே மாட்டாள். நீங்கள் எந்த நேரத்திலும் காணாமல் போகக் கூடியவர் என்று தெரிந்துகொண்ட பிள்ளை கண்ணை எடுக்குமா? சொல்லிவிட்டுப் போங்கள். சுருக்கமாக, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி: ஒரு முத்தம், ‘சாப்பாட்டு மணி அடித்து, கதை வகுப்பு முடிந்ததும் வருவேன்’ என்று ஒரு வாக்கியம், அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடை. சின்னப் பிள்ளைக்கு மணிக்கணக்கு தெரியாது, எதற்குப் பிறகு எது என்பது தெரியும். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதுதான் இதில் முக்கியம். முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோர் தலை மறைந்த சில நிமிடங்களில் அழுகையை நிறுத்திவிடும். அழுதுகொண்டு பஸ் ஏறுவது நாம்தான். சந்தேகமாக இருந்தால் அரை மணி நேரம் கழித்து டீச்சரிடம் போனில் கேளுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்துவிட்டால் கதை மறுபடி தொடங்கும்.

முதல் வாரம் குஷியாகப் போனான். இப்போது ‘போக மாட்டேன்’ என்கிறான். பள்ளியில் ஏதாவது நடந்திருக்குமோ?

நடந்திருக்கலாம், அதைக் கீழே வயிற்று வலிக் கேள்வியில் பார்ப்போம். ஆனால் பல வீடுகளில் காரணம் இதைவிட எளியது: இது ஒருநாள் சமாச்சாரம் இல்லை, தினமும் போக வேண்டும் என்று பிள்ளைக்கு அப்போதுதான் உறைக்கிறது. முதல் வாரம் விருந்தாளி மாதிரி போனான். இரண்டாவது வாரம் அந்த வீட்டு ஆளாக வேண்டியிருக்கிறது. யார் பக்கத்தில் உட்கார்வது, இடைவேளையில் யாரோடு நிற்பது, எந்த டீச்சர் எதற்குக் கோபப்படுவார் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பாடம் அப்புறம்.

இந்த நேரத்தில் நாம் செய்யும் தப்பு, முதல் வாரம் நன்றாகப் போனதை நம்பி மற்றதையெல்லாம் அதே நேரத்தில் தொடங்குவது. பாட்டு வகுப்பு, நீச்சல், டியூஷன், சனிக்கிழமை உறவினர் வீடு. என்னைக் கேட்டால், பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குப் புதிதாக எதிலும் சேர்க்கவே கூடாது. சாயங்காலங்கள் காலியாக இருக்கட்டும். ‘சும்மா இருக்கிறானே’ என்று நமக்குத்தான் கை அரிக்கும்.

இடையில் வீட்டிலேயே நிறுத்திவிடலாமா என்ற ஆசை வரும். உடம்பு சரியில்லை என்றால் சரி. மனசு வரவில்லை என்பதற்காக ஒருநாள் நிறுத்தினால் அடுத்த நாள் போவது இரட்டிப்புக் கஷ்டம். பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்தால் பயம் குறையாது, வளரும்.

டீச்சர் ‘தங்கமான பிள்ளை’ என்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் கத்துகிறாள், செருப்பை வீசுகிறாள். யாரை நம்புவது?

இரண்டு பேரையும். அவள் பள்ளியில் நல்ல பிள்ளையாக இருந்ததற்கான விலையைத்தான் நீங்கள் வீட்டில் பார்க்கிறீர்கள். ஆறேழு மணி நேரம் வரிசையில் நின்று, பேசாதே என்றபோது பேசாமல், பிடித்த பென்சிலைப் பக்கத்துப் பிள்ளை எடுத்ததைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அடக்கி வைத்ததெல்லாம் அடக்க வேண்டாத இடத்தில் வெளியே வருகிறது. வேலை முடிந்து வந்து நாம் வீட்டில் எரிந்து விழுவதில்லையா?

அதனால் வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் எதையும் கேட்காதீர்கள். ‘கை கழுவினாயா, வீட்டுப்பாடம் என்ன, டப்பாவில் ஏன் மிச்சம்’ என்று வாசலிலேயே மூன்று கேள்வி போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? தண்ணீர், சாப்பிட ஏதாவது, பிறகு அவள் இஷ்டம். சில பிள்ளைகளுக்கு ஓடியாட வேண்டும், சிலருக்கு மூலையில் தனியாகப் படுத்துக் கிடக்க வேண்டும், சிலருக்கு உங்கள் மடி. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது மூன்று நாள் கவனித்தால் தெரியும். எங்கள் வீட்டில் பெரியவளுக்குப் பேச்சே கூடாது, சின்னவனுக்குப் பேசியே தீர வேண்டும். ஒரே வாசல்படியில் இரண்டையும் சமாளிப்பது தனிக் கலை, இன்னும் எனக்குக் கைவரவில்லை.

செருப்பை வீசுவதைச் சரி என்று விட வேண்டும் என்பதில்லை. கோபம் இறங்கிய பிறகு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கொதிக்கும்போது பாடம் நடத்தினால் ஏறாது.

‘இன்றைக்கு என்ன நடந்தது?’ என்றால் ‘ஒன்றும் இல்லை’. எப்படிப் பேச வைப்பது?

ஒரு முழு நாளைச் சுருக்கிச் சொல் என்றால் பெரியவர்களுக்கே திணறும். சின்னதாகக் கேளுங்கள். ‘இன்றைக்கு யாரிடம் டீச்சர் கோபப்பட்டார்?’, ‘யார் லீவு?’, ‘சிரிப்பு வந்தது எப்போது?’ எதிரெதிரே உட்கார்ந்து விசாரிப்பதைவிட, பக்கத்தில் நடக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, விளக்கை அணைத்த பிறகோ பேச்சு தானாக வரும். உங்கள் நாளில் நடந்த ஒரு சொதப்பலை முதலில் நீங்கள் சொல்லிப் பாருங்கள். கேள்வியைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

தினமும் காலையில் வயிற்று வலி. நடிப்பா?

நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கவலை வயிற்றில் நிஜமாகவே வலியாக வரும், தேர்வுக்கு முன்னால் உங்களுக்கும் வந்திருக்கும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம் இருந்தாலோ தள்ளிப் போடவே கூடாது.

உடம்பில் குறை இல்லை என்றால் ஒரு காகிதத்தில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எப்போது போனது. சனி, ஞாயிறில் வலி இல்லையா? குறிப்பிட்ட ஒரு கிழமையில் மட்டும் வருகிறதா? செவ்வாய் தோறும் வலி என்றால் செவ்வாயில் என்ன வகுப்பு என்று பாருங்கள். இந்தக் காகிதம் டீச்சரிடம் பேசும்போதும் கைகொடுக்கும்.

யாரும் கேட்காத காரணம் ஒன்று உண்டு: கழிப்பறை. அசுத்தம், தாழ்ப்பாள் இல்லை, கேட்கக் கூச்சம் என்று பள்ளி முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் ஏராளம். அடக்கினால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் வயிற்று வலி. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வரும் பிள்ளைகளும் உண்டு. பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால் சந்தேகப்படுங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு அவசரமில்லாமல் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரும் வழக்கம் வந்தாலே பாதி வலி போய்விடும். அதற்கு அரை மணி நேரம் முன்பே எழுந்தாக வேண்டும், மறுபடி தூக்கத்திலேயே வந்து நிற்கிறோம்.

அடுத்தது, யாராவது சீண்டுகிறார்களா என்பது. நேராகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். பொருள்கள் காணாமல் போவது, பஸ்ஸில் போக மறுப்பது, நெருங்கிய நண்பன் பெயர் பேச்சில் திடீரென்று நின்றுபோவது ஆகியவைதான் அடையாளம். தெரிய வந்தால் மற்றப் பிள்ளையின் பெற்றோரிடம் நீங்களாகச் சண்டைக்குப் போகாமல், என்ன, எப்போது, எங்கே என்று எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ‘நீயும் திருப்பி அடி’ என்பது வீட்டில் கேட்க வீரமாக இருக்கும். மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளையாகவே இருக்கும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. அனுப்பலாமா?

மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல் என்று கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்ற பிறகு 48 மணி நேரம் பொறுப்பது நல்லது. சாதாரண ஜலதோஷத்துக்கு நிறுத்த வேண்டியதில்லை. காலையில் மாத்திரை கொடுத்துச் சூட்டைத் தணித்து அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். பதினோரு மணிக்குப் போன் வரும்.

தலையில் பேன். வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கத்துக்கு இதில் இடமே இல்லை. சுத்தமான தலையிலும் பேன் வரும். அது குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து மாறும். முதல் தடவை வந்தால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். அதாவது நீங்கள் கண்டுபிடிக்கும் நாளுக்குப் பல நாள் முன்பிருந்தே அது தலையில் இருக்கிறது, அதற்காக அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போடத் தேவையில்லை.

ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை வாருங்கள். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம். ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஒரே தடவையோடு நிறுத்தினால் மறுபடி வரும். மருந்து போடுவதென்றாலும் இதே காரணத்தால் பெரும்பாலான மருந்துகளை இரண்டாவது தடவை போட வேண்டியிருக்கும். வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள், அப்பா தலையையும். அப்புறம், உங்கள் பிள்ளையின் தோழிகள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அங்கிருந்தே திரும்பி வரும்.

வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம்?

வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்குங்கள் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம், ஐந்தாம் வகுப்புக்கு 50. மேலே சொன்ன கூப்பரும் அவர் குழுவும் 2006-ல் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஏழாம் வகுப்பிலிருந்துதான் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சின்ன வகுப்புகளில் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரம் அழுதபடி எழுதிக்கொண்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு, ‘இவ்வளவு நேரம் முயன்றான், இங்கே நின்றுவிட்டான்’ என்று டீச்சருக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்களே எழுதி முடித்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று டீச்சர் நினைத்துக்கொள்வார்.

கரும்பலகை தெரியவில்லை என்று அவன் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்ல மாட்டான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். கண்ணை இடுக்குவது, டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, அடிக்கடி தலைவலி ஆகியவற்றைக் கவனியுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடலாம். பகல் வெளிச்சத்தில் வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. டியூஷனைத் தள்ளிப் போட இன்னொரு நல்ல சாக்கு.

டீச்சரிடம் எப்போது பேசுவது?

வாசலில் விடும்போது வேண்டாம். அவர் அப்போது முப்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். நேரம் கேட்டு வாங்குங்கள், மூன்றாவது வாரத்தில். அதற்கு முன்னால் அவருக்கே உங்கள் பிள்ளையைத் தெரியாது. வீட்டில் மரணம், பிரிவு, வீடு மாற்றம், ஒவ்வாமை, மருந்து என்றால் மட்டும் முதல் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காலையில் வீடே போர்க்களம். ஏதாவது வழி?

காலை வேலைகளில் எதையெல்லாம் முந்தின ராத்திரிக்குத் தள்ள முடியுமோ தள்ளுங்கள். பை, உடை, ஷூ, கையெழுத்துப் போட வேண்டிய தாள் எல்லாம் ராத்திரியே கதவுப் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு டப்பாவைப் பிள்ளையால் தனியாகத் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். திறக்க முடியாமல் பசியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. நீங்கள் பிள்ளைக்கு இருபது நிமிடம் முன்னால் எழுந்திருங்கள். அப்புறம், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்ற சொல்லுக்குப் பதில் அடுத்த வேலையை மட்டும் சொல்லிப் பாருங்கள்: ‘சாக்ஸ்.’ அது முடிந்ததும், ‘ஷூ.’